கடல் கடந்த காரைக்கால் – 17: மைனா ஏறிய கப்பல்

1739 பிப்ரவரி 14-ஆம் தேதி காரைக்கால் பிரெஞ்சுக் கும்பினியின் கைக்கு வந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். தஞ்சை சாகுஜி கேட்ட சக்கரங்கள், சந்தா சாகிபின் தலையீடு, கருக்களாச்சேரிக் கோட்டை, கூடவே ஐந்து கிராமங்கள் என்று எல்லாம் வந்துவிட்டது. ஒன்றை மட்டும் இந்த வாரத்துக்கென்று நிறுத்தி வைத்திருந்தேன். அந்தப் பேரத்தைப் பேசி முடித்த புதுச்சேரி ஆளுநர் பெனுவா துமா, 1735-இல் இந்தப் பொறுப்புக்கு வருவதற்கு முன்னால் எங்கே இருந்தார்? 1727 முதல் எட்டு ஆண்டுகள் அவர் நிர்வாகம் செய்தது பூர்போன் தீவை. இன்றைக்கு அதன் பெயர் ரெயூனியன். பக்கத்தில் இருக்கும் மொரீஷியசுக்கு அப்போது பிரான்ஸ் தீவு என்று பெயர். அதையும் சேர்த்துத்தான் அவர் கவனித்துவந்தார்.

தீவுகளில் காப்பி விளைந்தது. சோற்றுக்குப் போதுமான தானியம் விளையவில்லை. கல்லறுக்க, மரமறுக்க, சுமை தூக்க ஆள் இல்லை. இரண்டும் இந்தக் கரையில் கிடைக்கும் என்பது துமாவுக்கு நன்றாகத் தெரியும். 1720களின் கடைசியிலேயே புதுச்சேரிப் பக்கத்துத் தச்சர்களும் கொத்தர்களும் அங்கே போயிருந்தார்கள். விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகளும் அதே கப்பல்களில் போனார்கள். ஆகவே அவர் காரைக்காலைக் கேட்டபோது, அரசலாற்றுப் பாசன நெல்லை மட்டும் நினைத்துக் கேட்டிருக்கமாட்டார் என்பது என் எண்ணம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும், மஸ்கரேன் கப்பல் வந்தது, போனது என்ற சேதி அதில் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். 1746-இல் சென்னைப்பட்டினத்தைப் பிடித்த லா பூர்தொன்னே தன் கப்பல்களோடு வந்ததும் அங்கிருந்துதான்.

மனிதர்களையும் நெல்லையும் பற்றி இந்தத் தொடரில் இன்னும் நிறையப் பேசவேண்டும். இந்த வாரம் அந்தக் கப்பல்களில் போன மற்ற ஜீவன்களைப் பார்ப்போம். அதற்கு முன் அந்தத் தீவுகளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ரெயூனியன், மொரீஷியஸ், ரோட்ரிக்ஸ் மூன்றும் சேர்ந்துதான் மஸ்கரேன் தீவுகள். மூன்றுமே கடலடியில் எரிமலை கக்கிக் கக்கி எழும்பியவை. மொரீஷியஸ் சுமார் 80 லட்சம் ஆண்டுப் பழசு. ரெயூனியன் அதைவிட மிகவும் இளசு. அங்கே 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் இன்றும் குமுறிக்கொண்டிருக்கிறது. அந்த மலைக்கு அடியில் இருக்கும் தீக்கிணறு நமக்கு அந்நியமானது இல்லை. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் கருங்கற்குழம்பைக் கொட்டி, மகாராஷ்டிரத்தின் படிப்படியான மலைகளை உண்டாக்கியது இதே கிணறுதான். கிணறு இருந்த இடத்தில் இருந்தது. மேலே இருந்த இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து போய்விட்டது. நகர்ந்த வழியெல்லாம் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று ஒரு கடலடி மலைத்தொடர் நிற்கிறது. அதன் தென்கோடியில் மொரீஷியஸ், கடைசியில் ரெயூனியன்.

பனியுகங்களில் கடல் மட்டம் வெகுவாகத் தாழ்ந்தபோது இந்தத் தொடரின் மேடுகள் பல தீவுகளாக வெளியே தெரிந்தன. புயலில் அடித்துவரப்பட்ட பறவைக்கு அவை தங்கிப்போகும் இடங்கள் ஆயின. மஸ்கரேன் தீவுகளின் மரபுவழிக் கணக்கைப் பார்த்தால் இதன் விளைவு தெரியும். மடகாஸ்கர் 700, 800 கிலோமீட்டர் தூரத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து வந்தவை உண்டுதான். ஆனால் தீவின் பேர்பெற்ற பறவைகளில் பலவற்றுக்குப் பூர்வீகம் ஆசியா. டோடோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் அதன் மரபணுவை ஆராய்ந்தபோது, உயிரோடு இருக்கும் உறவுகளில் மிக நெருக்கமானது நிக்கோபார் புறா என்று தெரிந்தது. மொரீஷியசின் எக்கோ கிளி, நம் தோப்புகளில் கத்திக்கொண்டு பறக்கும் பச்சைக்கிளியின் கிளை வழி. அங்குள்ள காட்டுச் சின்னான்களின் சொந்தக்காரர்களும் ஆசியப் பக்கம்தான். பழந்தின்னி வௌவால் இன்னும் தெளிவான சாட்சி: அந்தப் பேரினம் ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் கிடையவே கிடையாது, நம் ஊர் ஆலமரங்களில் தலைகீழாகத் தொங்குகிறது.

ஆக நம் திசையிலிருந்து ஒரு குடியேற்றம், மனிதனே இல்லாத காலத்தில், காற்றின் தயவில் நடந்து முடிந்திருந்தது. வந்தவை லட்சக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே இருந்து, வேறு எங்கும் இல்லாத இனங்களாக மாறின. வௌவாலைத் தவிரப் பாலூட்டி எதுவும் அங்கே இல்லை. பூனை இல்லை, கீரி இல்லை, எலி இல்லை. பறக்கவேண்டிய தேவையே பலவற்றுக்கு விட்டுப்போயிற்று. இரண்டாவது குடியேற்றம் கப்பலில் நடந்தது. அதில் வந்தவை, முன்னால் வந்தவற்றின் பங்காளிகள்.

டோடோவின் முடிவு எல்லோரும் அறிந்தது, நீட்டவில்லை. டச்சுக்காரர்கள் 1598-இல் இறங்கினார்கள். 1662-க்குப் பிறகு அந்தப் பறவையை உயிரோடு கண்டதாக நம்பும்படியான சாட்சியம் இல்லை. எலியும் பன்றியும் குரங்கும்தான் அதை முடித்தன; மனிதன் தின்று தீர்த்தது அதில் சிறு பங்கு. இந்தியாவோடு அதற்கு ஒரு சின்னத் தொடர்பு உண்டு: 1628-க்கும் 1634-க்கும் இடையில் சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாக பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார். ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ ஓவியம் இப்போது ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயிருள்ள பறவையைப் பார்த்து வரைந்த வண்ணப்படங்களில் நம்பகமானது அதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

ஆமைகளின் கதை பிரெஞ்சுக்காரர்களின் கணக்கில் எழுதவேண்டியது. மூன்று தீவுகளிலும் சேர்ந்து ஐந்து இன ராட்சத ஆமைகள் இருந்தன. பல மாதங்கள் தீனி தண்ணீர் இல்லாமல் உயிரோடு கிடக்கும் பிராணி என்பதால் மாலுமிக்கு அது நடமாடும் இறைச்சிக் கிடங்கு. லா பூர்தொன்னே காலத்திலும் அதற்குப் பிறகும் ரோட்ரிக்சிலிருந்து ஆமை ஏற்றிவருவதற்கென்றே கப்பல்கள் ஓடின, ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. இந்தியாவுக்குக் கிளம்பும் கப்பலில் ஆமை ஏறும், இந்தியாவிலிருந்து வரும் கப்பலில் அரிசி இறங்கும். ஐந்து இனங்களில் ஒன்றுகூட இன்று இல்லை.

இனி மைனா.

குறுவைக்கு உழவு ஓட்டும்போது நெடுங்காடு, திருநள்ளாறு பக்கம் வயலில் நின்று பாருங்கள். டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் ஒரு வரிசை. அவற்றுக்கு நடுவே, தலையை ஆட்டி ஆட்டி, ஓடாமலும் தாவாமலும் நடக்கும் மைனாக்கள். மஞ்சள் அலகை மண்கட்டிக்குள் சொருகி, சொருகிய இடத்தில் வாயைத் திறக்கும். அலகே மண்ணைப் பிளந்து கொடுக்கும். உள்ளே புழு இருந்தால் எடுக்கும். இல்லாவிட்டால் இரண்டடி தள்ளிப்போய் அடுத்த கட்டி. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு விதையைத் தோண்டித் தின்கிறது என்றுதான் தோன்றும். இந்தத் தோற்றப் பிழைதான் ரெயூனியனில் ஒரு வழக்கு ஆயிற்று.

வழக்கை எழுதிவைத்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன், 1770களில் வந்த தம் பறவை நூலில். தீவில் வெட்டுக்கிளித் தொல்லை பொறுக்கமுடியாமல் போனது. ஆளுநர் தெஃபோர்ழ்-பூஷேயும் நிர்வாகி பியேர் புவாவ்ரும் இந்தியாவிலிருந்து சில ஜோடி மைனாக்களை வரவழைத்து விட்டார்கள். அவை பெருகின, வெட்டுக்கிளி குறைந்தது. பிறகு ஒரு விதைப்புக் காலத்தில், புதிதாக விதைத்த நிலத்தை மைனாக்கள் கிண்டுவதைக் குடியேறிகள் பார்த்தார்கள். விதையைத் தின்கிறது என்று புகார். முறைப்படி விசாரணை நடந்ததாம். பறவைகளுக்காக வாதாடவும் ஆட்கள் இருந்தார்களாம். மண்ணைக் கிண்டுவது பூச்சிக்காகத்தான், விதைக்காக இல்லை என்று சொல்லிப் பார்த்தார்களாம். தீர்ப்பு எதிராகப் போயிற்று. தீர்ப்பு வந்த இரண்டு மணி நேரத்தில் தீவில் ஒரு ஜோடி மைனாகூட மிஞ்சவில்லை என்கிறார் புஃபோன்.

வெட்டுக்கிளி திரும்பியது. எட்டு ஆண்டுகள் கழித்து மறுபடி நான்கு மைனாக்கள் கொண்டுவரப்பட்டன. இந்த முறை ஊரே கூடி வரவேற்றது. அவற்றைக் கொல்லக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். அது போதாதென்று, மைனாக் கறி உடம்புக்கு ஆகாது என்று மருத்துவர்களும் தங்கள் பங்குக்கு அறிவித்தார்கள். பெரிய எழுத்தாளரின் நடை கதைக்குக் கொஞ்சம் மெருகேற்றியிருக்கும். ஆனால் முக்கியச் சேதியில் சந்தேகமில்லை: 1762-இல் மொரீஷியசுக்கு இந்திய மைனாவைக் கொண்டுபோய் வெட்டுக்கிளியை அடக்கியதை, ஒரு நாட்டுப் பிராணியை இன்னொரு நாட்டுப் பூச்சிக்கு எதிராக வேண்டுமென்றே இறக்கிய ஆரம்பகால முயற்சிகளில் ஒன்றாகப் பூச்சியியல் பாடநூல்கள் இன்றும் சொல்லித்தருகின்றன. தீவில் அதற்கு மார்த்தன் என்று பெயர்.

பாடநூலில் வராதது மீதிக் கதை. ரெயூனியனில் ஏற்கெனவே ஒரு மைனாச் சாதிப் பறவை இருந்தது. கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் நீளம், வெண்சாம்பல் தலை, உச்சியில் சிலும்பிய இறகுகள் அலகை நோக்கி முன்னால் வளைந்த கொண்டை, கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு. கொண்டையைப் பார்த்துவிட்டு முதலில் வந்தவர்கள் கொண்டலாத்தி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மரபணுவைப் பார்த்தபோது அது ஆசிய மைனாக்களின் கிளையில் போய் நின்றது. மனிதனைக் கண்டு பயப்படத் தெரியாது. கம்பால் அடித்தே வீழ்த்திவிடலாம். கூண்டில் வைத்தால் வாழைப்பழம், உருளைக்கிழங்கு எதைப் போட்டாலும் தின்னும். 1830கள் வரை மாதிரிகள் கிடைத்தன. 1850களோடு ஆள் இல்லை. உலக அருங்காட்சியகங்களில் இருபதுக்கும் குறைவான பாடம்செய்த உடல்கள் மட்டும் மிச்சம்.

மைனாதான் அதைக் கொன்றது என்று சொன்னால் அது மறுபடியும் அந்தப் பழைய தீர்ப்பு மாதிரி ஆகிவிடும். காடு அழிந்தது, எலி முட்டையைத் தின்றது, மனிதன் அடித்துத் தின்றான், வந்த பறவையோடு வந்த நோயும் காரணமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். ஆனால் மரப்பொந்துக்கு நடக்கும் சண்டையில் மைனா எப்படி நடந்துகொள்ளும் என்பது பனைமரத்தில் பச்சைக்கிளியை அது விரட்டுவதைப் பார்த்திருக்கும் எவருக்கும் தெரியும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் நம் மைனாவும் இருக்கிறது.

மைனாவோடு நிற்கவில்லை. புதுச்சேரியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கும் கவுதாரியும் போனது. அந்தப் பெயர் வரக் காரணமான விவரிப்பை எழுதிய பியேர் சொன்னெரா மொரீஷியசில் புவாவ்ரிடம் வேலை பார்த்தவர். அந்தக் கவுதாரி இன்று அந்தத் தீவுகளின் கரும்புக்கொல்லைகளில் கத்துகிறது. நம் காட்டுமுயல் இருக்கிறது. மூஞ்சூறு 18-ஆம் நூற்றாண்டிலேயே சரக்கோடு சரக்காக இறங்கிவிட்டது. ஓணான் சுற்றிக்கொண்டு போனது: 1865-இல் ஜாவாவிலிருந்து வந்த கரும்புக் கட்டுகளோடு ரெயூனியனில் இறங்கியது. பச்சைக்கிளி 1886 வாக்கில் மொரீஷியசில். செம்மீசைச் சின்னான் 1892 புயலில் கூண்டு உடைந்து வெளியேறியது என்பார்கள். பிளேக் பரவியபோது எலியைப் பிடிக்கட்டும் என்று 1900-இல் வட இந்தியச் சின்னக் கீரியைக் கொண்டுபோய் விட்டார்கள். அது எலியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1910 வாக்கில் காக்கையும் போய்ச் சேர்ந்தது. திருநள்ளாற்றுக்காரருக்கு மட்டும் அதில் ஆட்சேபம் இருக்காது.

வரிசையாகச் சொல்லிப்பாருங்கள். ஒரு காரைக்கால் கிராமத்து வரப்பில் காலையில் கண்ணில் படும் பட்டியல் முக்கால்வாசி அதில் வந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு தப்புக் கணக்கை மறித்துவிட வேண்டும். வந்த பிராணிகளையும் வந்த மனிதர்களையும் ஒரே தராசில் வைத்து, எல்லாம் வெளியிலிருந்து வந்து தீவைக் கெடுத்தவை என்று பேசுகிறவர்கள் உண்டு. காட்டை வெட்டிக் கரும்பு போடுவது என்று முடிவெடுத்தது தோட்டத்து முதலாளி, வெட்டியது கூலி. 1848-இல் அடிமைமுறை ஒழிந்ததும் ரெயூனியன் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860, 1861-இல் லண்டனும் பாரிசும் ஒப்பந்தம் செய்துகொண்டு, தஞ்சை ஜில்லா உள்ளிட்ட ஆங்கிலேயப் பகுதி ஆட்களைப் பிரெஞ்சுத் துறைமுகங்கள் வழியே ஏற்ற அனுமதித்தன. புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் பிரிட்டிஷ் கான்சல் முகவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். 1882-இல் ஆங்கிலேயர் நிறுத்தும் வரை இது நடந்தது. அந்த நூற்றாண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ரெயூனியனுக்குப் போனார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களுக்கு அந்தக் காட்டில் ஒரு மரத்தின் மீதும் உரிமை இருந்ததில்லை.

உண்மையில், டோடோவை உலகம் திரும்பப் பெற்றதே அப்படிப்பட்ட கூலிகளின் கால்களால்தான். 1865, மொரீஷியசின் தென்கிழக்கு. இன்றைய விமான நிலையத்துக்கு அருகே மார் ஓ சோஞ் என்று ஒரு சதுப்புக் குட்டை. ஒரு கரும்புத் தோட்டத்துக்குச் சொந்தமானது. ரயில்பாதை வேலைக்கு வந்திருந்த ஹாரி ஹிக்கின்சன் என்ற பொறியாளர், குட்டையில் கரிமண் அள்ளிக்கொண்டிருந்த இந்தியக் கூலிகள் ஏதோ எலும்புகளைப் பிரித்துக் குவியல் குவியலாக வைப்பதைக் கண்டார். சேதி மாயேபூர் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கிளார்க்குக்குப் போனது. அவர் பல ஆண்டுகளாக டோடோ எலும்பைத் தேடிச் சலித்தவர். கரையோரம் கிடைத்தவை ஆமை எலும்புகளே. குட்டையின் நடுவில் மூன்றடி ஆழத் தண்ணீரில் கூலிகளை இறக்கினார். இருட்டுத் தண்ணீர், அடியில் சேறு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வெறுங்காலால் சேற்றைத் துழாவி, கட்டைவிரலில் தட்டுப்பட்டதை எடுத்துக் கொடுத்தார்கள். முதலில் வந்தது ஒரு முழுக் கால் எலும்பு. பிறகு மூட்டை மூட்டையாக. லண்டனில் ரிச்சர்ட் ஓவன் அவற்றை வைத்து 1866-இல் டோடோவின் எலும்பமைப்பை விவரித்துப் புகழ் பெற்றார். உலக அருங்காட்சியகங்களில் நிற்கும் டோடோ எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவை அந்தக் குட்டைச் சேற்றில் கிடைத்தவை. காலால் துழாவியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. நாற்றங்காலில் சேறு மிதித்து வளர்ந்த காலுக்குத்தான் அந்த வேலை வரும் என்று எனக்கு ஒரு எண்ணம். வரலாறு என்று அதை எழுதமாட்டேன்.

இருபதாம் நூற்றாண்டில் கணக்கு வேறு மாதிரிப் போயிற்று. மொரீஷியசில் நல்ல இயற்கைக் காடு 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 1974-இல் அந்தத் தீவுக்கே உரிய வல்லூறு நான்கு என்று எண்ணினார்கள். 1979-இல் வந்த கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரரும் உள்ளூர்க்காரர்களும் முட்டையைத் தூக்கிக் குஞ்சு பொரித்து, பெட்டிக்கூடு வைத்து அதைச் சில நூறுக்குக் கொண்டுவந்தார்கள். இளஞ்சிவப்புப் புறா ஏறத்தாழப் பத்திலிருந்து ஐந்நூறு வாக்கில் ஏறியது. 1980களில் பத்துச் சொச்சம் இருந்த எக்கோ கிளி இப்போது 700-க்கு மேல். ஆனால் அதற்குப் பங்காளி விட்டபாடில்லை. 2005-இல் எக்கோ கிளிகளிடையே அலகும் இறகும் சிதையும் வைரஸ் நோய் பரவியது. தடம் பிடித்துப் போனால், அதே வைரஸ் 1886-இல் வந்த நம் பச்சைக்கிளிக் கூட்டத்தில் இருந்தது. எக்கோ கிளிக்கு மரப்பொந்தில் போட்டியும் அதே பச்சைக்கிளிதான். பார்வைக்கு இரண்டையும் பிரிப்பது கஷ்டம். எக்கோ கொஞ்சம் தடித்த உடல், குட்டை வால், கரும்பச்சை. நம்முடையது ஊருக்குள் மாமரத்தில் இருக்கும், அது மிச்சமிருக்கும் மலைக்காட்டில்.

வௌவாலுக்கு வேறு வம்பு. மொரீஷியசின் லிச்சி, மாந்தோப்புக்காரர்கள் புகார் சொல்ல, 2015-இல் அரசே சுமார் 30,000 பழந்தின்னி வௌவால்களைச் சுட்டது. அடுத்த ஆண்டும் சுட்டது. காட்டு மரங்களின் விதையைப் பரப்பும் பெரிய பிராணிகளில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான் என்று உயிரியலாளர்கள் கத்தியும் பயனில்லை. 2018-இல் அந்த இனத்தை அழியும் அபாயத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள். விதைத் திருடன் என்று மைனாவைத் தூக்கிலிட்ட அதே வேகம் இரண்டரை நூற்றாண்டு கழித்தும் குறையவில்லை. ரெயூனியனில் அந்த வௌவால் 1800 வாக்கிலேயே ஒழிந்துபோயிருந்தது. அண்மைக் காலத்தில் ஒரு சிறு கூட்டம் அங்கே மறுபடி தென்பட்டிருக்கிறது. மொரீஷியசிலிருந்து 170 கிலோமீட்டர் அளவில் கடல் தாண்டித் தானாக வந்திருக்கவேண்டும் என்று நம்புகிறார்கள்.

அடுத்த வாரம்: 1861 ஒப்பந்தத்துக்குப் பிறகு காரைக்கால் டிப்போவில் ஆள் எடுத்த முறையும், ஆழ்கடலில் நின்ற கப்பலுக்குப் படகில் போய்ச் சேர்ந்த விதமும்.

(தொடரும்)